அரசாங்கத்துச் சூடு

ராசப்பன் செய்த தவறு ஒன்றே ஒன்றுதான். தன் கோழிப்பண்ணைக் கூரையில் இருக்கிற சோலார் பேனல்கள் பங்குனி வெயிலில் சூடேறிப்போய், மத்தியான நேரத்தில் கரண்ட் குறைகிறது என்கிற உண்மையை ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு, அரசாங்கத்துக்கு அனுப்பிவிட்டார். வாயால் சொல்லியிருந்தால் காற்றோடு போயிருக்கும். எழுதிக் கொடுத்ததை மட்டும் அரசாங்கம் லேசில் விடுவதில்லை.

அதிலும் மனுஷர் புகாரோடு நின்றாரா என்றால் அதுவும் இல்லை. 'கூரைமேல் குழாய் போட்டுத் தண்ணீர் தெளித்தால் பேனல் குளிர்ந்து கரண்ட் பழையபடி ஏறிவிடுகிறது, கீழே கோழிகளுக்கும் நல்லது, இதை மற்ற பண்ணைக்காரர்களுக்கும் சொல்லலாம்' என்று நல்லெண்ணத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார். அந்த வரிதான் அவரை மாட்டிவிட்டது.

அவருடைய பண்ணை ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. நாலாயிரம் முட்டைக் கோழி. லட்சக்கணக்கில் கோழி வைத்திருக்கிறவர்கள் மலிந்த நாமக்கல்லில் நாலாயிரம் என்று சொன்னால், பொழுதுபோக்குக்கு வளர்க்கிறீர்களா என்று கேட்பார்கள். ராசப்பனும் அவர் மனைவி வசந்தாமணியும் சாப்பிடுவது என்னவோ அந்த நாலாயிரத்தில்தான். கோழிக்கு வியர்க்காது. வெக்கை தாங்காவிட்டால் வாயைப் பிளந்து, இறக்கையை அகட்டி, இரைத்து இரைத்துச் செத்துப்போகும். அதனால் கோடை வந்துவிட்டால் இந்தப் பக்கத்துப் பண்ணைகளில் ஓட்டை போட்ட குழாயைக் கூரை முகட்டில் படுக்க வைத்து, காலை பதினோரு மணியிலிருந்து சாயங்காலம் நாலு மணிவரை தண்ணீர் தெளிப்பார்கள். பேனல் மாட்டிய பிறகும் ராசப்பன் குழாயை எடுக்கவில்லை. மேலே பேனல் குளிர்ந்தது, கீழே கோழி குளிர்ந்தது. ஒரே தண்ணீரில் இரண்டு வேலை நடந்ததைப் பார்த்துப் பூரித்துப்போய்த்தான் கடிதம் எழுதினார்.

கடிதம் முதலில் மின்சாரத்தைப் பார்ப்பவர்களிடம் போனது. அவர்கள் 'தண்ணீர்' என்ற சொல்லைக் கண்டதும் தண்ணீரைப் பார்ப்பவர்களுக்குத் தள்ளினார்கள். அவர்கள் 'கோழி'யைக் கண்டு கால்நடைக்குத் தள்ளினார்கள். கால்நடையில் ஒரு புத்திசாலி 'சூடு' என்ற சொல்லைக் கண்டுபிடித்து, சேலத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டியில் இருக்கிற மாநில வீண்வெப்ப மீட்பு வாரியத்துக்கு அனுப்பிவைத்தார்.

அந்த வாரியத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். வீணாகப் போகிற வெப்பத்தைப் பிடித்து மின்சாரமாக்குவதற்காகத் தொடங்கப்பட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. தலைவர் இருந்தார், கோட்டப் பொறியாளர் இருந்தார், ஜீப் இருந்தது, சூரியனைக் கையால் பிடிக்கிற மாதிரி ஒரு சின்னம்கூட இருந்தது. வெப்பம் மட்டும் இல்லை. எங்கே வீணாகிறது என்று யாரும் எழுதித் தெரிவிக்காததால், எழுத்துபூர்வமான வெப்பத்துக்காக வாரியம் மூன்று வருஷமாகக் காத்துக்கொண்டிருந்தது. ராசப்பன் கடிதம் வந்த அன்று அலுவலகத்தில் லட்டு கொடுத்தார்களாம்.

பத்தாம் நாள் பதில் வந்தது. 'பார்வையில் கண்ட தங்கள் வெப்பம் வாரியத்தின் பதிவேட்டில் ஏற்றப்பட்டுள்ளது. தங்கள் வெப்பத்தின் எண்: ஒன்று. இனி வரும் கடிதப் போக்குவரத்தில் இந்த எண்ணைக் குறிப்பிடவும்.'

வசந்தாமணி இரண்டு தடவை படித்தாள். "ஏனுங்க, சூட்டுக்கு நெம்பர் குடுத்திருக்கறாங்க?"

"நம்மளுது மொத நெம்பர் புள்ள" என்றார் ராசப்பன். அந்த நேரத்தில் அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மறுவாரம் ஜீப் வந்தது. கோட்டப் பொறியாளர் சிவபிரகாஷ் இறங்கினார், பின்னாலேயே உதவிப் பொறியாளர் தேவிப்ரியா, கையில் துப்பாக்கி மாதிரி ஒரு வெப்பமானியோடு. பண்ணை வாசலில் ஊதா நிறத்து மருந்துத் தண்ணீர் நிரப்பிய தொட்டி இருக்கும். உள்ளே போகிறவர் யாராக இருந்தாலும் அதில் காலை நனைத்துவிட்டுத்தான் போகவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பண்ணைச் சீக்கு இந்தப் பண்ணைக்கு வந்துவிடும்.

"நான் அரசு அதிகாரிம்மா" என்றார் சிவபிரகாஷ்.

"அது சீக்குக்குத் தெரியாதுங்களே சார்" என்றாள் வசந்தாமணி.

சிவபிரகாஷ் புது ஷூவோடு தொட்டியில் இறங்கி ஏறினார். தேவிப்ரியா செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை நனைத்துக்கொண்டு போனாள். வந்தவர்களில் அவளுக்குத்தான் புத்தி இருக்கிறது என்று வசந்தாமணி அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

ஏணி வைத்துக் கூரையோரம் ஏறி, தேவிப்ரியா பேனலைக் குறிபார்த்து அழுத்தினாள். "அறுபத்தெட்டு டிகிரி சார்."

"அறுபத்தெட்டா!" சிவபிரகாஷுக்குக் குரல் தழுதழுத்தது. "மிஸ்டர் ராசப்பன், எவ்வளவு பெரிய செல்வத்தைத் தலைக்கு மேல வெச்சிருக்கீங்க தெரியுமா? பேனலுக்குப் பின்னாடி நாங்க ஒரு பட்டை ஒட்டுவோம். பட்டையோட ஒரு பக்கம் பேனல் சூடு. இன்னொரு பக்கம் குழாய்ல குளிர்ந்த தண்ணி. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கு பாருங்க, அதுல கரண்ட் வரும்."

"குளுந்த தண்ணி எங்கிருந்துங் சார் வரும்?"

"உங்க போர்லருந்துதான்."

"போர் மோட்டாரு ஓடறதுக்குக் கரண்ட்டு?"

"உங்க பேனல்லருந்து."

ராசப்பன் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "மோட்டாருக்குப் போற கரண்ட்டு அதிகமுங்களா, பட்டையில வர்ற கரண்ட்டு அதிகமுங்களா?"

"மோட்டார் உங்களது. பட்டை வாரியத்தோடது. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுப் பாக்கக்கூடாது" என்று சிவபிரகாஷ் பொறுமையாக விளக்கினார்.

"இல்லீங் சார், பேனல் சூடானாக் கரண்ட்டு கொறையுதுங்க. கொறஞ்சதைத்தான் நீங்க பட்டை வெச்சுப் புடிக்கறேங்கறீங்க. மொதல்லயே தண்ணி தெளிச்சுக் கொறையாமப் பாத்துக்கிட்டா?"

"அப்புறம் மீட்கறதுக்கு என்ன இருக்கும்?" என்றார் சிவபிரகாஷ். அவருக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. "தண்ணி தெளிக்கறீங்களா? இப்பவும் தெளிக்கறீங்களா?"

ராசப்பன் வெகுளியாக வால்வைத் திருப்பிக் காட்டினார். கூரைமேல் பூமாரி போலத் தண்ணீர் தூவியது. உள்ளே நாலாயிரம் கோழியும் ஒரே சமயத்தில் கொக்கரித்தன. தேவிப்ரியா குறிபார்த்தபடியே வாசித்தாள். "அறுபது சார். அம்பத்து மூணு. நாப்பத்தாறு." பக்கத்தில் இன்வெர்ட்டர் பெட்டியின் திரையில் கரண்ட் அளவு கிடுகிடுவென்று ஏறியது. "ரொம்ப நல்லா வேலை செய்யுது சார்" என்று அவள் சொன்னதை சிவபிரகாஷ் கேட்காத மாதிரி இருந்துவிட்டார்.

"நிறுத்துங்க! அரசாங்கத்து வெப்பத்தை அழிக்கறீங்க!"

ஐந்து நிமிஷத்தில் வால்வைச் சாக்குத்துணியால் சுற்றி, கயிறு கட்டி, அரக்கு உருக்கி ஊற்றி, வாரியத்தின் சின்னத்தை அதன்மேல் அழுத்திவிட்டார்கள். பட்டை ஒட்டித் திறப்பு விழா நடத்தும்வரை நாற்பத்தைந்து நாள் பேனலின் இயற்கையான சூட்டை அளக்கவேண்டுமாம், அதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் கூரைமேல் படக்கூடாதாம். பட்டால் பேனல் இணைப்பு துண்டிக்கப்படும், பதிவு செய்யப்பட்ட வெப்பத்தைச் சேதப்படுத்தியதாக வழக்கும் வரும். கூரை ஓரத்தில் ஒரு சின்னக் கருவியையும் மாட்டினார்கள். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை அது பேனலின் சூட்டைச் சேலத்துக்குச் சொல்லிவிடும்.

"கோழி செத்துப்போயிருமுங்க சார்" என்றார் ராசப்பன்.

"கோழி எங்க வாரியத்துல வராது" என்றார் சிவபிரகாஷ். ஜீப் ஏறும்போது ஷூவைப் பார்த்தார். இரண்டும் கத்திரிப்பூ நிறத்துக்கு மாறியிருந்தன.

மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு மேகம் வந்தது. கால் மணி நேரம் பண்ணைமேல் நின்றது. அந்தக் கால் மணிக்குள் சேலத்திலிருந்து போன் வந்துவிட்டது.

"வெப்பம் ஒன்றில் பதினாலு டிகிரி குறையுது. என்ன பண்ணீங்க?"

"மேகமுங்க."

"யாரோட மேகம்?"

ராசப்பன் அண்ணாந்து பார்த்தார். "ஆத்தூர்ப் பக்கமிருந்து வந்த மாதிரி இருக்குதுங்க."

மேகம் வந்த நேரம், போன நேரம், திசை, அது வந்ததில் தனக்குத் தொடர்பில்லை என்ற உறுதிமொழி எல்லாவற்றையும் எழுதி, சாட்சியாக இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பச் சொன்னார்கள். அக்கம்பக்கத்தில் யாரும் மேகத்துக்குச் சாட்சி சொல்ல முன்வரவில்லை. கடைசியில் முட்டை ஏற்ற வந்த லாரி டிரைவரும் அவருடைய கிளீனரும் போட்டுக்கொடுத்தார்கள்.

அக்னி நட்சத்திரம் பிறந்தது. முதல் நாள் பதினெட்டுக் கோழி செத்தது. மறுநாள் முப்பத்தொன்று. வசந்தாமணி கோழி இருக்கிற செட்டைச் சுற்றிலும் ஈரச்சாக்கு கட்டினாள், குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் ஐஸ் கட்டி வாங்கிப் போட்டாள், மத்தியானத் தீவனத்தை நிறுத்தினாள். தலைக்கு மேல் கூரை கொதிக்கும்போது பக்கத்தில் சாக்கு என்ன செய்யும்? கோழி செத்தால் கண் கலங்குகிற ஆள் இல்லை ராசப்பன். இந்தத் தொழிலில் அது பழகிப்போகும். ஆனால் கையெட்டுகிற தூரத்தில் வால்வு இருக்க, அதைத் திருப்பாமல் கூடை கூடையாகக் குழிக்குத் தூக்கிக்கொண்டு போவது அவருக்குப் பொறுக்கவில்லை. இப்படியே போனால் விழா நாளைக்குப் பாதிப் பண்ணை காலியாகிவிடும் என்பது தெரிந்துதான் இருந்தது.

வேட்டியை மாற்றிக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினார்.

வீண்வெப்ப மீட்பு வாரியத்தில் மனு கொடுக்க வருகிறவர்கள் உட்காருவதற்குச் சுவரோரம் ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். உள்ளே மூன்று ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அந்த மூன்றின் வெளிப்பெட்டிகளும் பெஞ்சுக்கு நேர் மேலே இருந்து அனல் காற்றை ஊதிக்கொண்டிருந்தன. ராசப்பன் ஒரு மணி நேரம் அதில் வெந்தார். பிறகு கூப்பிட்டார்கள்.

"சார், வெளிய அந்தப் பெட்டியில வர்ற காத்து பேனலை உடச் சூடா இருக்குதுங்களே, அதைப் புடிக்கலாமில்லீங்களா?" என்று நல்லெண்ணத்தில் மறுபடியும் ஒரு யோசனை சொன்னார். சில பேருக்குப் பட்டாலும் புத்தி வராது.

"அது அலுவலக வெப்பம்" என்றார் சிவபிரகாஷ். "அது வீணாகறதா எங்களுக்கு இதுவரைக்கும் புகார் வரலை. நீங்க வந்த விஷயத்தைச் சொல்லுங்க."

வந்த விஷயத்துக்கு ஒரு படிவம் இருந்தது. 'வெப்பக் குறைப்புக்கான தடையின்மைச் சான்று.' அதில் ஒரு கட்டம், வெப்பத்தால் பாதிக்கப்பட்டவர் பெயர். ராசப்பன் 'கோழி' என்று எழுதினார். அடுத்த கட்டம், பாதிக்கப்பட்டவர் கையொப்பம், எழுதத் தெரியாதவராயின் இடது பெருவிரல் ரேகை.

"கோழிக்குக் கையில்லீங்களே."

சிவபிரகாஷ் விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "கால் வைக்கலாம்னும் இல்லை, வைக்கக்கூடாதுன்னும் இல்லை. தலைவர்கிட்டக் கேட்டு எழுதறோம். மூணு மாசம் ஆகும்."

"மூணு மாசத்துல ஆடியே முடிஞ்சு ஆவணி மழை வந்துருமுங்க சார்."

"அப்படின்னா அதுக்குள்ள பிரச்சனையே தீர்ந்துடுமே" என்று அவர் சந்தோஷப்பட்டார்.

ராசப்பன் கதவுவரை வந்தபோது தேவிப்ரியா பின்னாலேயே வந்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "தலைவர் அவசரப்படறாரு. விழாவை முன்னாடியே வெக்கப்போறாங்க, வர்ற வியாழக்கிழமை. ஆறு நாள் எப்படியாவது சமாளிங்க" என்றாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான். அந்தக் கட்டடத்தில் அவ்வளவு சொன்னதே பெரிசு.

ஆறு நாளில் இருநூற்று நாற்பது கோழி போயிற்று.

புதன்கிழமை பட்டைகளை ஒட்டி முடித்துச் சோதனை பார்த்தார்கள். ஒட்டிய பட்டைகள் நானூறு. போர் மோட்டார் பெருமூச்சு விட்டுக்கொண்டு தண்ணீரைக் குழாயில் தள்ளியது. எல்லாப் பட்டைகளின் கரண்ட்டையும் ஒன்றுசேர்த்து ஒரே ஒரு பல்புக்குக் கொடுத்தார்கள். பல்பு மினுக்கென்று ஒரு தரம் சிவந்து, அதோடு அணைந்துவிட்டது. குளிர்ந்த தண்ணீர் போகவேண்டிய குழாயையும் வெயிலில் கிடத்தியிருந்ததால், அந்தத் தண்ணீரும் காப்பி போடுகிற பக்குவத்துக்கு வந்துவிட்டிருந்தது. இரண்டு பக்கமும் சூடு. வித்தியாசம் எங்கிருந்து வரும்?

"குழாய்க்கு நிழல் கட்டணும் சார், ஒரு வாரம் தள்ளி வெச்சா..." என்று தேவிப்ரியா ஆரம்பித்தாள்.

"அழைப்பிதழ் அடிச்சாச்சு" என்றார் சிவபிரகாஷ்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு ராசப்பன் முட்டை பொறுக்க வந்தபோது, சிவபிரகாஷ் தனியாக மேடைக்கு அடியில் குனிந்திருந்தார். பக்கத்தில் ஒரு லாரி பேட்டரி. அதிலிருந்து பல்புக்கு ஒயர் இழுத்து, மேலே தீவனச் சாக்கைப் போட்டு மூடிக்கொண்டிருந்தார். தலைநிமிர்ந்தவர் ராசப்பனைப் பார்த்தார்.

"இது சும்மா... ஒரு பாதுகாப்புக்கு" என்றார்.

"ஆமாங்க சார், பாதுகாப்பு வேணுமில்லீங்க" என்றார் ராசப்பன். அப்புறம் முட்டை பொறுக்கப் போனார். போகும்போது அவருக்கு என்னவோ போல இருந்தது. இத்தனை நாளும் இவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, நமக்குத்தான் புரியவில்லை என்று அவர் உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தார். இருநூற்று நாற்பது கோழியும் பெரிய விஷயம் ஏதோ ஒன்றுக்காகத்தான் போகிறது என்றுகூட மனசைத் தேற்றி வைத்திருந்தார். சாக்குக்கு அடியில் இருந்த பேட்டரியைப் பார்த்ததும் அந்த மரியாதை சுத்தமாகப் போய்விட்டது. கோபம் வந்தது.

பதினொன்றரைக்கு வாரியத் தலைவர் கலையரசன் வந்தார். அவர் காலில் மருந்து படக்கூடாது என்று தொட்டிமேல் பலகை போட்டுச் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். வசந்தாமணி ஒரு வாளி மருந்துத் தண்ணீரைக் கொண்டுவந்து கம்பளத்தின்மேல் ஊற்றிவிட்டுப் போனாள். பந்தலில் நூறு பேர் இருந்தார்கள், பக்கத்துப் பண்ணைக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள், இரண்டு டிவி கேமரா. மேடைக்கு ஒரு பக்கம் பேனலின் சூட்டைக் காட்டுகிற பெரிய எண் பலகை. அறுபத்தொன்பது என்று காட்டியது. அதற்குக் கீழே, பூமாலை போட்ட பல்பு.

தலைவர் பொத்தானை அழுத்தினார். பல்பு பளிச்சென்று எரிந்தது. கைதட்டல் அடங்கியதும் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"பெரியோர்களே! வெப்பம் என்பது என்ன? வெப்பம் நமது சொத்து. சிலர் கேட்கிறார்கள், பேனலைக் குளிரவைத்தால் போதுமே, எதற்கு ஒரு வாரியம் என்று. நான் அவர்களைக் கேட்கிறேன். எல்லோரும் குளிரவைத்துவிட்டால் வெப்பம் என்னாவது? வெப்பம் இல்லாவிட்டால் வாரியம் என்னாவது? வாரியத்தில் வேலை செய்கிற நாற்பத்திரண்டு குடும்பங்கள் என்னாவது? ஆகவே முதலில் வெப்பத்தை வளர்ப்போம், பிறகு மீட்போம்! எங்கள் பொறியாளர் சொன்னார், ஒரு கோழியின் உடம்பில் நாற்பத்தொரு டிகிரி இருக்கிறதாம். நான் திகைத்துப்போனேன். நாலாயிரம் கோழி! அத்தனையும் கேட்பாரற்று வீணாகிறது! இரண்டாம் கட்டத்தில் கோழி ஒன்றுக்கு ஒரு பட்டை வீதம் ஒட்டப்படும் என்பதை இந்த மேடையில் அறிவிக்கிறேன்!"

பண்ணைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒலிபெருக்கிச் சத்தத்தில் மிரண்ட கோழிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இரைத்துக்கொண்டிருந்தன. வசந்தாமணி செட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். பத்துப் பன்னிரண்டு ஏற்கெனவே கழுத்தைத் தொங்கப் போட்டுக் கிடந்தன. திரும்பி வந்து ராசப்பன் காதோரம் சொன்னாள்.

"இன்னும் ஒரு மணி நேரம் இந்தாளு பேசுனா ஒண்ணுமே மிஞ்சாதுங்க. நான் தொறந்து உடப்போறேன்."

வேறு நாளாக இருந்தால் அவர் கையைப் பிடித்துத் தடுத்திருப்பார். இன்றைக்கு மேடைக்கு அடியில் இருந்த சாக்கைப் பார்த்தார், பல்பைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு மெல்ல வந்தது. கல்யாணமான புதிதில் பார்த்த சிரிப்பு அது என்று வசந்தாமணி பிற்பாடு சொன்னாள்.

"போய்த் தொற" என்றார். "நல்லா முழுசாத் தொற."

அவள் தீவன மூட்டை அறுக்கிற கத்தியால் அரக்கு முத்திரையை ஒரே இழுப்பில் அறுத்துப்போட்டு வால்வைத் திருப்பினாள். கூரைமேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தண்ணீர் சீறியது. ஓரத்தில் வழிந்தது மேடையில் நின்ற தலைவர் தலையிலும் பந்தல் முன்வரிசையில் இருந்த அதிகாரிகளின் தலையிலும் விழுந்தது. எண் பலகை இறங்க ஆரம்பித்தது. அறுபத்தொன்பது, அறுபது, ஐம்பத்தொன்று, நாற்பது. கூட்டம் மொத்தமும் அதையே பார்த்துக்கொண்டிருந்தது. முப்பத்தைந்தில் வந்து நின்றது.

பல்பு மட்டும் இம்மிகூடக் குறையாமல் எரிந்துகொண்டிருந்தது.

சிவபிரகாஷுக்கு வியர்த்தது. அவர் இதுவரை பல்பு அணைந்துவிடுமோ என்று பயந்த நாட்கள் உண்டு. அணையாமல் இருப்பதற்காக ஒரு பல்பைப் பார்த்துப் பயப்படுவது இதுதான் முதல் தடவை.

ராசப்பன் எழுந்தார். மேடைக்குப் பக்கத்தில் போய், தலைவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கேமராக்கள் இரண்டும் அவர் பக்கம் திரும்பின.

"ஏனுங்கய்யா, எனக்கு ஒரு சந்தேகமுங்க. சூடு பூராப் போயிருச்சுங்க. பலகையிலயே போட்டிருக்குதுங்க. சூட்டுல எரியற பல்பு இன்னும் எப்படீங்க எரியுது?"

தலைவர் பல்பைப் பார்த்தார். பிறகு சிவபிரகாஷைப் பார்த்தார். சிவபிரகாஷ் மேடைப் பலகையைப் பார்த்தார். முப்பது வருஷம் பல பதவிகளில் இருந்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஒரு நொடிதான். அடுத்த நொடி அவர் இரண்டு கையையும் விரித்தார்.

"பார்த்தீர்களா! இதுதான் நமது வாரியத்தின் சாதனை! வெப்பம் போனாலும் மீட்பு நிற்கவில்லை! தண்ணீர் ஊற்றினாலும் அணையாத தொழில்நுட்பம்!"

கைதட்டினார்கள். ராசப்பன் கைதட்டி முடியும்வரை காத்திருந்தார்.

"அப்படீன்னா தண்ணி ஊத்தறதுனால உங்க பட்டைக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?"

"ஒன்றும் ஆகாது."

"நாளைக்கும் ஊத்தலாமுங்களா?"

ஊற்றக்கூடாது என்றால் பல்பு ஏன் எரிகிறது என்று தலைவர் சொல்லவேண்டும். கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. பல்பும் பார்த்துக்கொண்டிருந்தது. "தாராளமாக" என்றார்.

"எல்லாப் பண்ணைக்காரங்களும் ஊத்தலாமுங்களா?"

"...தாராளமாக."

"அப்ப எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போங்கய்யா" என்றார் ராசப்பன். தேவிப்ரியா எங்கிருந்தோ ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்து நீட்டினாள். வாரியத்தின் மூன்று வருஷச் சரித்திரத்தில் ஒரு சான்று அவ்வளவு வேகமாகக் கொடுக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. 'கூரைகளிலும் பேனல்களிலும் நீர் தெளிப்பதால் மாநிலத்தின் வீண்வெப்பத்துக்கு யாதொரு இழப்பும் இல்லை' என்று தலைவர் ஈரத் தலையோடு எழுதிக் கையெழுத்துப் போட்டார். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் அங்கேயே அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் மாவட்டம் பூராவும் கூரைகள் நனைந்தன.

செட்டுக்குள் கோழிகள் இறக்கையை மடக்கிக்கொண்டு தீவனத்தைக் கொத்த ஆரம்பித்திருந்தன. வசந்தாமணி தலையில் முக்காட்டோடு அந்தக் கூரைத் தண்ணீருக்கு அடியில் நின்றுகொண்டிருந்தாள். நனைவதற்குக் காரணம் எதுவும் இல்லை. நன்றாக இருந்தது, நின்றாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் எல்லோருக்கும் நல்லதாகப் போயிருக்கும். பல்புதான் விடவில்லை. சூடே இல்லாமல் எரிகிற பல்பை டிவியில் பார்த்துவிட்டு, வெளி மாநிலத்து அதிகாரிகளும் கல்லூரிப் பேராசிரியர்களும் பார்க்க வருவதாக எழுதினார்கள். இனி அது அணையவே கூடாது என்று தலைவர் உத்தரவு போட்டுவிட்டார். ஒரு லாரி பேட்டரி ஏழு நாள் தாங்கும். ஆகவே வெள்ளிக்கிழமைதோறும் கோட்டப் பொறியாளர் சிவபிரகாஷ் ஜீப்பில் ஒரு பேட்டரியை ஏற்றிக்கொண்டு சேலத்திலிருந்து வருகிறார். மருந்துத் தொட்டியில் காலை நனைக்கிறார், பேட்டரியை மாற்றுகிறார், பழையதைத் தூக்கிக்கொண்டு போகிறார்.

நாலாவது வெள்ளிக்கிழமை அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்து ராசப்பனுக்குப் பாவமாகிவிட்டது.

"எதுக்குங் சார் சேலத்துல இருந்து செமந்துட்டு வாரீங்க? இங்கயே நம்ம பேனல்ல மாட்டிச் சார்ஜ் போட்டுக்கங்க. தண்ணி உடறதுனால மத்தியானத்துலயுங் கரண்ட்டு நல்லா வருதுங்க."

சிவபிரகாஷ் பேட்டரியைக் கீழே வைத்தார். இன்வெர்ட்டர் திரையைப் பார்த்தார். அண்ணாந்து கூரையைப் பார்த்தார். நனைந்த பேனல்கள் மினுமினுத்துக்கொண்டிருந்தன. ஜீப் டிரைவர் தூரத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பதை உறுதிசெய்துகொண்டு, ராசப்பன் பக்கத்தில் நெருங்கி வந்தார்.

"எங்க வீட்டு மாடியிலயும் பத்துப் பேனல் போட்டிருக்கேன் ராசப்பன். மத்தியானமானா கரண்ட் ரொம்ப இறங்கிடுது. அந்தக் குழாய்ல எவ்வளவு தூரத்துக்கு ஒரு ஓட்டை போட்டீங்க?"

"சாணுக்கு ஒண்ணுங்க சார்."

அவர் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து, உள்ளங்கையில் குறித்துக்கொண்டார்.

"இது வாரியத்துக்குத் தெரிய வேண்டாம்" என்றார்.